வரைவியல் அட்டைகளை ஒப்பிடுதல்: தரச்சோதனைப் புள்ளிகளை வாசிக்கும் முறை

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – தரம் 10, 11
மேலதிக வாசிப்பும் பயிற்சியும்

மாணவர்களே, இத்தலைப்பில் உங்கள் பாடத்திட்டத்தில் தனி அலகு எதுவும் இல்லை. ஆயினும் கணினி வன்பொருள், தரவும் தகவலும், இலத்திரனியல் விரிதாள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் பாடம் இது. ஆகவே மூன்று அலகுகளையும் ஒரே மூச்சில் மீட்டிப் பார்ப்பதற்கு இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சோதனை முடிந்ததும் கணினி வாங்கித் தருவதாக உங்களிற் பலருக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பணம் அம்மா கட்டிய சீட்டுப் பணமாக இருக்கும், அல்லது வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பியதாக இருக்கும். கடைக்காரர் திரையில் ஒரு சலாகை வரைபைக் காட்டி, "தம்பி, இந்த வீஜீஏ கார்ட்தான் கூடப் புள்ளி எடுத்தது" என்பார். அப்போது நீங்கள் என்ன கேட்க வேண்டும்? அதுவே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. வரைவியல் அட்டை

திரையில் தோன்றும் உருவத்தைக் கணித்து உருவாக்கும் வன்பொருட் பகுதி வரைவியல் அட்டை எனப்படும். நமது கடைகளில் இதனை வீஜீஏ கார்ட் என்றே சொல்வர். இதில் வரைவியல் செயலி, அதற்கே உரிய நினைவகம், குளிர்விக்கும் விசிறி ஆகியன உள்ளன. மத்திய செயற்பாட்டு அலகு சில பெரிய வேலைகளை விரைவாகச் செய்யும். வரைவியல் செயலியோ ஒரே வகையான சிறு கணிப்புகளை ஆயிரக்கணக்கிற் சமகாலத்திற் செய்யும். ஆவணம் தட்டச்சுச் செய்வதற்கோ விரிதாள் வேலைக்கோ தனி வரைவியல் அட்டை தேவையில்லை. முப்பரிமாண விளையாட்டு, காணொளித் தொகுப்பு, கட்டட வரைபு போன்றவற்றிற்கே தேவை. இதை முதலிற் சொல்லிவிடுகிறேன். தேவையில்லாத பொருளை மலிவாக வாங்குவதும் நட்டந்தான்.

2. கடதாசியில் உள்ள எண்கள்

ஒப்பிடுவதற்கு நடுத்தர வகுப்பைச் சேர்ந்த இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2016 இல் வெளிவந்தவை. இன்று புதிதாக வாங்குவதற்கு உரியவை அல்ல. எனினும் இவற்றைப் பற்றிய எண்கள் நன்கு அறியப்பட்டவை. இரண்டும் நேருக்கு நேர் போட்டியாக விற்கப்பட்டவை. படிப்பதற்கு இவற்றைவிட நல்ல சோடி கிடைப்பது கடினம்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 480: 2016 யூன் 29 இல் வெளிவந்தது. 2304 கணிப்பு அலகுகள். உச்சக் கடிகாரக் கதி 1266 மெகாஹேட்ஸ். 8 கிகாபைற்று நினைவகம். நினைவகப் பாதை 256 பிற்று. வலு 150 வாற்று. ஆரம்ப விலை 239 டொலர்.

என்விடியா ஜீடிஎக்ஸ் 1060: 2016 யூலை 19 இல் வெளிவந்தது. 1280 கணிப்பு அலகுகள். உச்சக் கடிகாரக் கதி 1708 மெகாஹேட்ஸ். 6 கிகாபைற்று நினைவகம். நினைவகப் பாதை 192 பிற்று. வலு 120 வாற்று. ஆரம்ப விலை 249 டொலர்.

இரண்டினதும் நினைவகம் ஜீடிடிஆர்5 வகை. ஒவ்வொரு தரவுக் கம்பியும் செக்கனுக்கு 8 கிகாபிற்று வீதம் கடத்தும்.

உதாரணம் 1: இரண்டு அட்டைகளினதும் நினைவகப் பட்டையகலத்தைக் காண்க.
8 பிற்றுகள் கொண்டது 1 பைற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பாதையின் அகலத்தை 8 ஆல் வகுத்து, கடத்தும் வீதத்தாற் பெருக்க வேண்டும்.
ஆர்எக்ஸ் 480: 256 ÷ 8 × 8 = 256 கிகாபைற்று / செக்கன்
ஜீடிஎக்ஸ் 1060: 192 ÷ 8 × 8 = 192 கிகாபைற்று / செக்கன்

இங்கு முதலில் வரும் 8 பிற்றிலிருந்து பைற்றுக்கு மாற்றுவது. இரண்டாவது 8 கடத்தும் வீதம். இரண்டும் வெட்டுப்பட்டுப் போவது தற்செயலே. வீதம் 7 ஆக இருக்கும் அட்டைக்கும் அப்படியே வெட்டிவிட்டுப் புள்ளியை இழக்க வேண்டாம்.

உதாரணம் 2: இரண்டினதும் உச்சக் கணிப்பு வேகத்தைக் காண்க.
ஒரு கணிப்பு அலகு ஒரு கடிகாரத் துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும், அதாவது 2 செய்கைகளைச் செய்யும்.
ஆர்எக்ஸ் 480: 2304 × 2 × 1266 = ஏறத்தாழ 58 இலட்சத்து 34 ஆயிரம் மெகாபுளொப்ஸ், அதாவது 5.83 டெராபுளொப்ஸ்
ஜீடிஎக்ஸ் 1060: 1280 × 2 × 1708 = ஏறத்தாழ 43 இலட்சத்து 72 ஆயிரம் மெகாபுளொப்ஸ், அதாவது 4.37 டெராபுளொப்ஸ்

இப்போது விகிதங்களைப் பாருங்கள். பட்டையகலத்திலும் கணிப்பு வேகத்திலும் ஆர்எக்ஸ் 480 ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக உள்ளது. விலையும் 10 டொலர் குறைவு. கடதாசியை மட்டும் பார்த்தால் தீர்ப்பு முடிந்துவிட்டது.

ஆனால் உண்மையில் ஓட்டிப் பார்த்தபோது நிலைமை வேறு. 2016 இல் டைரக்ட்எக்ஸ் 11 கொண்டு எழுதப்பட்ட பல விளையாட்டுகளில் ஜீடிஎக்ஸ் 1060 சற்று முன்னே நின்றது. அதே ஆண்டு யூலையில் டூம் என்ற விளையாட்டிற்கு வல்கன் ஆதரவு சேர்க்கப்பட்டதும், அதில் ஆர்எக்ஸ் 480 முன்னே வந்தது. பரந்த வயலில் ஆட்கள் கூட நிற்பதால் மட்டும் அறுவடை விரைந்து முடியாது. ஒவ்வொருவருக்கும் இடையறாது வேலை பிரித்துக் கொடுக்கவும் வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுப்பது சாதனச் செலுத்தி மென்பொருளும் விளையாட்டு எழுதப்பட்ட முறையும் ஆகும். உச்சக் கணிப்பு வேகம் என்பது எல்லா அலகுகளும் ஒரு கணமும் சும்மா இராமல் வேலை செய்தால் வரும் எண். அப்படி நடப்பது அரிது.

ஆகவேதான் ஓட்டிப் பார்த்து அளக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன.

3. தரச்சோதனையின் வகைகள்

ஒரு குறித்த வேலையைக் கணினிக்குக் கொடுத்து, அது முடிக்கும் வேகத்தை அளந்து எண்ணாகத் தருவது தரச்சோதனை எனப்படும். பெஞ்ச்மார்க் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதுவே. இது இரண்டு வகைப்படும்.

மெய்ப்பயன்பாட்டுச் சோதனை: உண்மையான விளையாட்டை அல்லது மென்பொருளை ஓட்டி அளப்பது.
செயற்கைச் சோதனை: அளப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை ஓட்டி அளப்பது. இதை யாரும் விளையாட முடியாது. பார்க்க மட்டுமே முடியும்.

செயற்கைச் சோதனைகளிற் பெயர் பெற்றது 3டிமார்க் ஆகும். இதனை உருவாக்கியது பின்லாந்தின் பியூச்சர்மார்க் நிறுவனம். 2014 இல் அதனை யூஎல் நிறுவனம் வாங்கியது. 3டிமார்க் என்பது ஒரே சோதனையின் பெயரன்று, பல சோதனைகளின் தொகுதி என்பதைக் கவனிக்க. 2013 இல் வந்த பயர் ஸ்ட்ரைக் டைரக்ட்எக்ஸ் 11 இல் 1920 × 1080 பிரிதிறனில் ஓடுவது. 2016 யூலையில் வந்த டைம் ஸ்பை டைரக்ட்எக்ஸ் 12 இல் 2560 × 1440 பிரிதிறனில் ஓடுவது. 2024 இல் வந்த ஸ்டீல் நொமாட் இவற்றைவிடப் பாரமானது. ஒன்றில் எடுத்த புள்ளியை மற்றதில் எடுத்த புள்ளியோடு ஒப்பிடுவது, கணிதப் புள்ளியைச் சமயப் புள்ளியோடு ஒப்பிட்டு யார் கெட்டிக்காரர் என்று கேட்பதற்குச் சமம். விளம்பரத்தில் சோதனையின் பெயர் இல்லாமல் வெறும் புள்ளி மட்டும் இருந்தால் அந்தப் புள்ளிக்குப் பொருளே இல்லை. அது தரவு மட்டுமே, தகவலன்று. தரவிற்கும் தகவலிற்கும் வேறுபாடு கேட்டால் இந்த உதாரணத்தை எழுதலாம்.

செயற்கைச் சோதனையின் பெரிய நன்மை, அது ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சியை ஒரே பாதையிற் காட்டுவது. விளையாட்டில் நீங்கள் ஒரு தடவை இடப்பக்கம் திரும்புவீர்கள், மறு தடவை வலப்பக்கம். சோதனையில் அப்படி இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் எடுத்த அளவீட்டையும் மட்டக்களப்பில் எடுத்த அளவீட்டையும் ஒப்பிட முடிகிறது. இவ்வாறு திரும்பச் செய்தாலும் ஏறத்தாழ ஒரே பெறுபேறு கிடைத்தலே மீளுறுதி ஆகும்.

4. புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது?

முதலில் இரண்டு சொற்கள். திரையில் ஒரு கணத்திற்குரிய முழு உருவம் சட்டகம் எனப்படும். ஒரு செக்கனில் எத்தனை சட்டகங்கள் உருவாகின்றன என்பது சட்டக வீதம். 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்திற்கு 1000 ÷ 60 = 16.7 மில்லிசெக்கன். 30 சட்டகம் என்றால் 33.3 மில்லிசெக்கன்.

டைம் ஸ்பையில் இரண்டு வரைவியற் காட்சிகள் உள்ளன. அவற்றின் சட்டக வீதங்களுக்கு நாம் வழக்கமாக எடுக்கும் கூட்டற் சராசரி எடுக்கப்படுவதில்லை. இசைச் சராசரி எடுக்கப்படுகிறது. இது ஏன் என்று விளங்காமற் சூத்திரத்தை மட்டும் பாடமாக்கிப் பயனில்லை.

60 கிலோமீற்றர் தூரமுள்ள ஊருக்குப் பேருந்து மணிக்கு 60 கிலோமீற்றர் கதியிற் போகிறது, 1 மணித்தியாலம். திரும்பி வரும்போது மணிக்கு 20 கிலோமீற்றர், 3 மணித்தியாலம். சராசரிக் கதி என்ன? 60 ஐயும் 20 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 40 என்று எழுதுபவர்கள் வகுப்பிற் பாதிப்பேர் இருப்பீர்கள். ஆனால் மொத்தத் தூரம் 120, மொத்த நேரம் 4 மணித்தியாலம். சராசரிக் கதி 30. மெதுவாக வந்த பயணமே கூடுதலான நேரத்தைத் தின்றுவிட்டது. சட்டக வீதமும் இப்படியே. ஒரு காட்சியில் 60, மறு காட்சியில் 20 எடுத்த அட்டைக்கு இசைச் சராசரி 30. ஒன்றில் மட்டும் மிகவும் பலமாக நின்று மற்றதிற் சறுக்கும் அட்டை இதனால் தப்ப முடியாது.

அடுத்தது நிறை. டைம் ஸ்பையின் மொத்தப் புள்ளியில் வரைவியற் புள்ளிக்கு 0.85, செயலிப் புள்ளிக்கு 0.15 என நிறை கொடுக்கப்படுகிறது. இங்கும் இசைச் சராசரியே.

மொத்தப் புள்ளி = 1 ÷ (0.85 ÷ வரைவியற் புள்ளி + 0.15 ÷ செயலிப் புள்ளி)

உதாரணம் 3: ஒரே வரைவியல் அட்டை இரண்டு கணினிகளிற் பொருத்தப்பட்டது. இரண்டிலும் வரைவியற் புள்ளி 4200. முதற் கணினியின் செயலிப் புள்ளி 7000, இரண்டாவதினது 3000. மொத்தப் புள்ளிகளைக் காண்க. (இவை பயிற்சிக்காக எடுத்த எண்கள்.)
முதற் கணினி: 0.85 ÷ 4200 = 0.00020238, 0.15 ÷ 7000 = 0.00002143, கூட்டுத்தொகை 0.00022381. விடை 4468.
இரண்டாவது: 0.00020238 + 0.00005 = 0.00025238. விடை 3962.

பார்த்தீர்களா? அட்டை ஒன்றுதான். புள்ளியோ 500 இற்கும் மேல் வேறுபடுகிறது. ஏறத்தாழ 13 சதவீதம். கடையிற் காட்டப்படும் வரைபில் ஒரு சலாகை நல்ல செயலியோடு எடுத்தது, மற்றது பழைய செயலியோடு எடுத்தது என்றால், நீங்கள் ஒப்பிடுவது அட்டைகளை அல்ல. எனவே அட்டைகளை ஒப்பிடும்போது மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு வரைவியற் புள்ளியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரே கணினியில் அடுத்தடுத்து ஓட்டினாலும் புள்ளி சிறிது மாறும். இரண்டு அட்டைகளுக்கிடையே 3 சதவீதம் வரையான வேறுபாட்டைச் சமன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 4200 இற்கும் 4260 இற்கும் இடையே வென்றவர் தோற்றவர் இல்லை.

5. 2003 இல் நடந்தது

மேலே செயற்கைச் சோதனையின் நன்மையாக ஒரே பாதை, ஒரே காட்சி என்பதைக் கூறினேன். அதன் பலவீனமும் அதுவே. வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2003 பெப்ரவரியில் 3டிமார்க்03 வெளிவந்தது. மே மாதம் சில ஆய்வாளர்கள், சோதனையின் கமராவை வழக்கமான பாதையிலிருந்து விலக்கிப் பார்த்தார்கள். அவ்வாறு செய்யும் வசதி பொதுமக்களுக்கான பதிப்பில் இல்லை; மென்பொருளாக்குநர்களுக்கான பதிப்பில் மட்டுமே இருந்தது. கமரா விலகியதும் என்விடியாவின் ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5900 அல்ட்ரா அட்டையிற் காட்சியின் சில பகுதிகள் வரையப்படாமல் வெறுமையாகக் கிடந்தன. வழக்கமான பாதையிற் கமராவுக்குத் தெரியாத பகுதிகளை வரையாமல் விடுமாறு சாதனச் செலுத்தியில் ஏற்பாடு இருந்தது. வரையாதவற்றுக்கு நேரம் செலவாகாது அல்லவா? புள்ளி கூடியது.

பியூச்சர்மார்க் உடனே ஒரு திருத்தத்தை வெளியிட்டது. 3டிமார்க்03 தான் ஓடுகிறது என்பதைச் சாதனச் செலுத்தி அடையாளம் காணமுடியாதவாறு அத்திருத்தம் அமைந்தது. அதன்பின் அந்த அட்டையின் மொத்தப் புள்ளி 24.1 சதவீதம் வீழ்ந்தது. போட்டி நிறுவனமான ஏடிஐ உம் முற்றிலும் தப்பவில்லை. நான்காவது காட்சியில் அதன் வேகம் 8.2 சதவீதம் குறைந்தது. மொத்தப் புள்ளியில் 1.9 சதவீதம். ஏடிஐ தனது மாற்றங்களை நீக்குவதாக அறிவித்தது. யூன் மாதம் என்விடியாவும் பியூச்சர்மார்க்கும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. அதில் ஏமாற்று என்ற சொல் கைவிடப்பட்டு, குறித்த மென்பொருளுக்கான சீராக்கம் என்று மாற்றிச் சொல்லப்பட்டது. சொல் மாறினாலும் 24.1 மாறவில்லை.

இதற்கு முன்பே 2001 இல் ஏடிஐ இன் ரேடியன் 8500 இல் இதுபோன்ற ஒன்று வெளிப்பட்டது. அங்கு சம்பந்தப்பட்டது செயற்கைச் சோதனையன்று. எல்லோரும் அளப்பதற்குப் பயன்படுத்திய குவேக் 3 என்ற உண்மையான விளையாட்டு. கோப்பின் பெயரைக் குவேக் என்பதிலிருந்து குவாக் என்று மாற்றியதும் வேகம் குறைந்து உருவத்தின் தரம் கூடியது. பெயரைப் பார்த்துத்தான் சாதனச் செலுத்தி தரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

நான் கலைப்பட்டதாரி. சில்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் விஞ்ஞான ஆசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனால் வரலாற்றில் ஒரு கல்வெட்டைப் பார்த்ததும் நாம் கேட்பது என்ன? இதை எழுதுவித்தவர் யார், எதற்காக, இதே செய்தியைச் சொல்லும் வேறு மூலாதாரம் உண்டா என்பவைதாம். புள்ளிப் பட்டியலுக்கும் அதே மூன்று கேள்விகள் போதும். உற்பத்தியாளர் தாமே வெளியிட்ட வரைபு ஒரு அரசன் தன் வெற்றியைத் தானே பொறித்த கல்வெட்டுப் போன்றது. அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தனியாக நம்பவும் கூடாது.

6. ஒரே பெயர், வேறு அட்டை

இனி வருவது பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. கவனமாக வாசிக்க.

2016 ஓகஸ்டில் ஜீடிஎக்ஸ் 1060 என்ற அதே பெயரில் 3 கிகாபைற்று நினைவகம் கொண்ட இன்னோர் அட்டை 199 டொலருக்கு வந்தது. நினைவகம் மட்டுமே பாதி என்று பலர் நினைத்தனர். ஆனால் அதில் கணிப்பு அலகுகளும் 1280 அல்ல, 1152 தான். அதாவது 10 சதவீதம் குறைவு. 2018 இல் சீனச் சந்தைக்கென வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பதும் இத்தகையதே. வழமையான ஆர்எக்ஸ் 580 இல் 2304 அலகுகள், இதில் 2048. அது ஆர்எக்ஸ் 570 இன் அளவு. இணையக் கடைகளினூடாக இவை பல நாடுகளுக்கும் போயின.

செயற்கைச் சோதனை இந்த 10 சதவீதத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் 3 கிகாபைற்று நினைவகத்தின் குறையை முழுவதும் காட்டாது. சோதனைக் காட்சி 3 கிகாபைற்றுக்குள் அடங்கிவிட்டால், 6 கிகாபைற்று அட்டைக்கு அதனாற் பயன் இல்லை. பின்னர் பாரமான விளையாட்டொன்றில் உயர்தர மேற்பரப்புப் படங்களைத் தெரிவுசெய்யும்போது நினைவகம் நிரம்பி, தரவு பிரதான நினைவகத்திலிருந்து வரவேண்டியிருக்கும். அப்போது படம் விட்டுவிட்டு ஓடும். சராசரி 50 சட்டகம் என்று காட்டும். கண்ணுக்கோ இடையிடையே நின்று நின்று வருவது தெரியும். எனவே சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீதச் சட்டகங்களின் வீதத்தையும் பார்ப்பது வழக்கம்.

தாய்ப்பலகையும் பார்க்கப்பட வேண்டும். 2022 யனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, தாய்ப்பலகையோடு 4 தரவுப் பாதைகளால் மட்டுமே இணைவது. நினைவகமும் 4 கிகாபைற்று. புதிய தாய்ப்பலகையில் எடுத்த புள்ளியைப் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தாய்ப்பலகையில் எதிர்பார்க்க முடியாது. வரைபிலிருந்த கணினி உங்கள் வீட்டுக் கணினியன்று.

7. பாவித்த அட்டை, வெப்பம், வலு

2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னாணயம் தனது முறையை மாற்றியது. அதுவரை அதனை ஈட்டுவதற்காக இரவு பகலாக ஓடிய வரைவியல் அட்டைகள் பெருமளவில் பாவித்த பொருட் சந்தைக்கு வந்தன. ஓடிய அட்டை எல்லாம் பழுது என்பதில்லை. ஆனால் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கக்கூடும். இதைவிட மோசமானது போலி அட்டை. பழைய, வலுக்குறைந்த அட்டையின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, ஜீடிஎக்ஸ் 1060 என்று பெயர் காட்டச் செய்து விற்பார்கள். பணிசெயல் முறைமையில் பெயரைப் பார்த்தால் சரியாகவே தோன்றும். ஜீபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலி என்விடியா அட்டைகளை அடையாளங்காட்டுகிறது. தரச்சோதனையும் உதவும். பெயரை மாற்றலாம், வேகத்தை மாற்ற முடியாது. அந்த வகை அட்டைக்குரிய வழமையான வரைவியற் புள்ளியிற் பாதிகூட வராவிட்டால் காசைக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே பாவித்த அட்டை வாங்கும்போது கடையிலேயே சோதனையை ஓட்டிக் காட்டுமாறு கேளுங்கள். அதுவும் ஒரு தடவை போதாது. அட்டை சூடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ளக் கடிகாரக் கதியைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் எடுத்த புள்ளி சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்து அறையிற் கிடைக்காமற் போகலாம். 3டிமார்க்கில் இதற்கென அழுத்தச் சோதனை உண்டு. ஒரே காட்சியை 20 தடவை இடைவிடாது ஓட்டி, மிகக் குறைந்த சுற்றின் வீதம் மிகக் கூடிய சுற்றின் வீதத்தில் எத்தனை சதவீதம் எனப் பார்க்கும். 97 சதவீதம் இருந்தாற் சித்தி.

உதாரணம் 4: அழுத்தச் சோதனையில் மிகக் கூடிய சுற்று 30.0 சட்டகம், மிகக் குறைந்த சுற்று 28.5 சட்டகம். அட்டை சித்தியடைந்ததா?
28.5 ÷ 30.0 × 100 = 95 சதவீதம். சித்தியடையவில்லை.

வலுவைப் பற்றிப் புள்ளிப் பட்டியல் எதுவும் சொல்வதில்லை. மின்சாரப் பட்டியல் சொல்லும். ஆர்எக்ஸ் 480 இன் அடுத்த வடிவமான ஆர்எக்ஸ் 580 இற்கு 185 வாற்று. ஜீடிஎக்ஸ் 1060 இற்கு 120 வாற்று. வேறுபாடு 65 வாற்று. நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் முழுவலுவில் ஓடினால், 30 நாட்களில் 65 × 4 × 30 = 7800 வாற்று மணித்தியாலம், அதாவது 7.8 அலகு. இது அட்டைக்கு மட்டுமே. மின்வழங்கியும் அதைத் தாங்க வேண்டும். அட்டையோடு மலிவு மின்வழங்கி ஒன்றைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் அதை வேண்டாம் என்பதே என் கருத்து.

8. விரிதாளில் ஒப்பிடுதல்

பயிற்சிக்காக மூன்று அட்டைகளை எடுப்போம்.

அட்டை அ: வரைவியற் புள்ளி 4200, விலை 42 000 ரூபா
அட்டை ஆ: வரைவியற் புள்ளி 4500, விலை 50 000 ரூபா
அட்டை இ: வரைவியற் புள்ளி 3300, விலை 30 000 ரூபா

பெயர், புள்ளி, விலை என மூன்று நிரல்களில் இவற்றை உட்செலுத்துக. நான்காவது நிரலிற் புள்ளியை விலையால் வகுத்து 1000 ஆற் பெருக்குக. முதற் கலத்திற் சூத்திரத்தை எழுதிக் கீழே நகலிட்டால் 100, 90, 110 என விடைகள் வரும். ஆயிரம் ரூபாவுக்கு அதிக புள்ளி தருவது அட்டை இ ஆகும்.

அப்படியானால் இ ஐ வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். மலிவான பொருளுக்கு இந்த விகிதம் பெரும்பாலும் சாதகமாகவே வரும். உங்களுக்குத் தேவையான வேலையை இ செய்யாவிட்டால் விகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தும் 30 000 ரூபா வீண். முதலிற் தேவையைத் தீர்மானித்து, அதை நிறைவேற்றாத அட்டைகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கே இவ்விகிதத்தைக் கணிக்க வேண்டும். சலாகை வரைபு வரையும்போது நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குக. 4000 இலிருந்து தொடங்கினால் 4200 இன் சலாகை 200 உயரமும் 4500 இனது 500 உயரமும் பெறும். 7 சதவீத வேறுபாடு கண்ணுக்கு இரண்டரை மடங்காகத் தெரியும். விளம்பர வரைபுகளில் அச்சு எங்கே தொடங்குகிறது என்று இனிப் பாருங்கள்.

9. பயிற்சி வினாக்கள்

1. ஓர் அட்டையின் நினைவகப் பாதை 128 பிற்று. கடத்தும் வீதம் செக்கனுக்கு 7 கிகாபிற்று. பட்டையகலம் யாது?
விடை: 128 ÷ 8 × 7 = 112 கிகாபைற்று / செக்கன்.

2. இரு காட்சிகளிற் சட்டக வீதம் முறையே 40, 24. இசைச் சராசரியைக் காண்க.
விடை: 2 ÷ (1/40 + 1/24) = 2 ÷ (8/120) = 30.

3. ஓர் அட்டையின் புள்ளி 5000. சோதனை மென்பொருளிற் செய்த திருத்தத்தின் பின் 24.1 சதவீதத்தால் வீழ்ந்தது. புதிய புள்ளி யாது? இதிலிருந்து நீங்கள் பெறும் முடிவு யாது?
விடை: 5000 × 0.759 = 3795. அட்டையின் வன்பொருள் மாறவில்லை; ஆகவே முன்னைய புள்ளியில் ஒரு பகுதி வன்பொருளின் திறனாலன்றிச் சோதனையை அடையாளங்கண்ட மென்பொருளாற் கிடைத்தது.

4. இணையத்தில் ஒருவர் "என் அட்டை 9800 புள்ளி எடுத்தது" என எழுதியுள்ளார். இதனைத் தகவலாக மாற்றுவதற்கு அவரிடம் கேட்க வேண்டிய நான்கு விடயங்களை எழுதுக.
விடை: எந்தச் சோதனை, அது வரைவியற் புள்ளியா மொத்தப் புள்ளியா, எந்தச் செயலியும் தாய்ப்பலகையும், சாதனச் செலுத்தியின் எந்தப் பதிப்பு. அட்டையின் நினைவக அளவைக் கேட்க வேண்டும் என எழுதியவர்களுக்கும் புள்ளி உண்டு.